எட்டாவது வாய்

கேபிளே சொருகாத வாயிலிருந்து எழுத்து வந்துகொண்டிருந்தது.

செவந்தி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, மற்ற கடைக்காரர்கள் எடைக்குப் போடச் சொல்லி அனுப்பிய மிஷின்களையெல்லாம் வாங்கி வைத்து ஓடவிட்டுப் பழகியவள் அவள். கேபிள் சொருகாமல் திறந்து கிடக்கிற சீரியல் வாய்க்குள் சுற்றுப்பட்ட மின்சார இரைச்சல் புகுந்துகொண்டு, கட்டமும் கேள்விக்குறியுமாகத் திரையில் குப்பையைக் கொட்டுவது உண்டு. ஆனால் இது குப்பையாக இல்லை. மூன்று நட்சத்திரம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று நட்சத்திரம். யாரோ விரல் வைத்து நிதானமாக அழுத்துகிற மாதிரி.

மேசைக்குப் பின்னால் குனிந்து கையை விட்டுத் துழாவினாள். கம்ப்யூட்டரில் சொருகியிருந்த சீரியல் கார்டின் முதுகிலிருந்து ஒரு தடித்த வால் புறப்பட்டு, எட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு வாயோடு தொங்கியது. ஏழு வாய்களில் கேபிள் இருந்தது. எட்டாவது, ரப்பர் மூடி போட்டபடி ஒட்டடையோடு சும்மா கிடந்தது. மூடியைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. ஐஸ் பிளாண்டில் எதுதான் ஜில்லென்று இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

வெளியே நல்ல உச்சிவெயில். கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் நடுவில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பிளாண்ட் அது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகெல்லாம் விடியலில்தான் கடலுக்குப் போயிருந்தன. நாளைக் காலையில் மீனோடு திரும்பும். அதற்குள் அறைகளெல்லாம் உறைந்து தயாராக இருக்க வேண்டும். படகுகளை அனுப்பிவைக்கப் போன வேலையாட்கள் அப்படியே வீட்டுக்குப் போய் முடங்கிவிட்டார்கள். ஆளில்லாத வராந்தாவில் அம்மோனியா நெடியும், ஊறிய சாக்கு நாற்றமும், எத்தனை கழுவினாலும் சுவரை விட்டுப் போகாத பழைய மீன் கவிச்சியும் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தன. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் தரை வழியாக வந்து காலில் ஏறியது. கேட்டுக் கேட்டுக் காது அதை மறந்துவிடும். உள்ளங்கால் மறக்காது.

அந்தக் கம்ப்யூட்டரின் வேலையைச் சொல்லிவிட வேண்டும், பிள்ளைகளே, இல்லையென்றால் பின்னால் வருவது உங்களுக்கு விளங்காது. குளிர் அறை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். அது அறையின் குளிரை அளந்து கேபிள் வழியாக எண்ணாக அனுப்பும். பெட்டிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் அதை அழுத்தினால் திரையில் ஒரு நட்சத்திரம் விழும். வராந்தாவில் மணி அடிக்கும். கதவெல்லாம் அரை முழ கனம். உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே காற்றுகூட அசையாது. உள்பக்கம் தள்ளித் திறக்கிற கம்பிகள் உப்பில் துருவேறி ஒடிந்து வருஷக் கணக்காகிறது. மாட்டிக்கொண்டவனுக்கு அந்தப் பொத்தானை விட்டால் நாதியில்லை.

அப்படி உள்ளே போய்வருகிறவர்களில் ஒருவன்தான் அவள் தம்பி அருள்மணி. அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவன் அவள் இடுப்பில் இருந்தான். அம்மாவும் அடுத்த மழைக்குள் போய்ச் சேர்ந்துவிட, சோறு பிசைந்து ஊட்டியதிலிருந்து மீசைக்கு முதல் பிளேடு வாங்கிக் கொடுத்தது வரை செவந்திதான். படகில் ஏறக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பிளாண்ட் மேனேஜர் சோலையப்பனிடம் அவளே நடையாய் நடந்து இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தாள். கரையில் இருக்கிற வேலை. சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. தண்ணீர் அவனைத் தொடாது என்று நினைத்தாள். உறைந்த தண்ணீரும் தண்ணீர்தான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

தடைக்காலத்தில் பழைய கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று சோலையப்பன் போன் செய்தபோது அதனால்தான் அவள் மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினாள். மணி அடிக்காத அறைக்குள் தம்பியை அனுப்ப அவளுக்கு மனசில்லை.

வேலை லேசாக முடியவில்லை. கார்டு ஓடியது பழைய சிஸ்டத்தில். இப்போது வாங்கியிருப்பது புதுசு. கார்டை எப்படி நடத்துவது என்று சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கிற டிரைவரை, கார்டு செய்த கம்பெனி புது சிஸ்டத்துக்கு எழுதவே இல்லை. கம்பெனியே இப்போது இல்லை. கார்டில் ஒட்டியிருந்த சிப்பின் நம்பரை லென்ஸ் வைத்துப் படித்து, அதே சிப் போட்ட வேறொரு கார்டின் டிரைவரைத் தேடியெடுத்து, அதன் கோப்பைத் திறந்து, அந்தக் கார்டின் அடையாள எண்ணை அழித்து இந்தக் கார்டின் எண்ணை எழுதினாள். ஆள் மாறாட்டம்தான். பழைய மிஷின்காரர்கள் எல்லோரும் செய்வது. எழுதினவர் கையெழுத்து பொருந்தாத டிரைவரை உள்ளே விடமாட்டேன் என்று சிஸ்டம் பிடிவாதம் பிடித்தது. அந்தக் காவலை நிறுத்திவைத்தாள். உள்ளே விட்டாள்.

எட்டு வாயும் திறந்துகொண்டன.

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தபோதே ஒன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. அதில் எட்டாவது வாயை மட்டும் யாரோ வேண்டுமென்றே நிறுத்திவைத்திருந்தார்கள். அது ஏன் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

இப்போது திரையில் எட்டாவது வாய்க்குரிய கட்டத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஓர் எண்ணும் விழத் தொடங்கியது. மற்ற ஏழு கட்டங்களும் மைனஸ் பதினெட்டு என்று அடுக்காகச் சொல்லிக்கொண்டிருக்க, எட்டாவது சொன்னது: முப்பத்தைந்து.

அடுத்த தடவை, முப்பத்து நாலு.

"என்ன தாயி, ஆச்சா?" வாசலில் சோலையப்பன் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, வாய் நிறைய வெற்றிலை. "டிரைவர் இல்ல டிரைவர் இல்லன்ன. வண்டி கெளம்பிருச்சா?"

"ஆச்சுண்ணே. ஏழும் பேசுது." அவள் திரையைக் காட்டினாள். "எட்டும் பேசுது."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"எட்டுன்னு ஒண்ணு கெடையாதே."

"ரூம் இல்ல, சரி. வாய் இருக்குல்ல. அதுலேர்ந்து வருது."

"அடைச்சு விட்டுரு."

"ஏன்னு பாக்க வேணாமாண்ணே?"

"நாளைக்கு மீன் வருது. இன்னைக்கு ஒக்காந்து ஏன்னு பாத்துக்கிட்டிருக்கச் சொல்றியா?" என்றார். வெற்றிலையை எங்கே துப்புவது என்று தெரியாதவர் போல அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, துப்பாமலே விழுங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

செவந்தி பிளாண்டின் சாப்ட்வேரை ஓடவிட்டாள். உடனே வராந்தாவில் மணி அடித்தது. பள்ளிக்கூடத்து மணி மாதிரி ஒரு கரகரத்த மணி. மூன்று தடவை. நிறுத்தம். மூன்று தடவை.

முதல் அறைக் கதவு திறந்து, வெள்ளைப் புகை மாதிரி பனியோடு அருள்மணி வெளியே வந்தான். ஸ்வெட்டர், கையுறை, காதை மூடிய சிவப்புக் குல்லா.

"என்னக்கா, வந்ததும் வராததுமா மணியடிச்சுப் பூசை போடுற. ரூமுக்குள்ள நான் ஒருத்தன்தான் இருக்கேன். நான் அமுக்கலையே."

"இது ரூம்லேர்ந்து வரல. வராத எடத்துலேர்ந்து வருது."

அவன் தலையைச் சாய்த்து மணியைக் கேட்டான். சிரிப்பு முகத்தை விட்டு மெல்ல இறங்கியது. "மூணு தட்டு. நிறுத்தி மூணு தட்டு. இது மனுசன் தட்டுக்கா."

"அப்படின்னா?"

"மீன் பெட்டி சாஞ்சு பொத்தான்ல முட்டிக்கிட்டா மணி விடாம அடிக்கும். அதுக்காக ஒவ்வொரு தடவையும் ஓட முடியுமா? அதான், ஆள் மாட்டிக்கிட்டா மூணு தட்டுத் தட்டி நிறுத்தணும்னு இங்க ஒரு வழக்கம். விடாம அடிச்சா பெட்டி. மூணு தட்டுனா மனுசன்." சோலையப்பன் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சூசைராஜ் அண்ணன் கொண்டாந்த வழக்கம். நான் சேர்றதுக்கு முன்னாடி இருந்தவரு. பொத்தான், மணி, இந்தக் கார்டு எல்லாம் அவரு மாட்டுனது. இந்தக் கம்ப்யூட்டர் ரூம்லயேதான் கெடப்பாராம்."

"இப்ப எங்க இருக்காரு?"

அருள்மணி வராந்தாவின் கோடியைக் கை காட்டினான். ஏழாவது அறைக்கு அப்பால் ஒரு வெள்ளையடித்த சுவர் வராந்தாவை மறித்து நின்றது. "அங்க ஒரு ரூம் இருந்துச்சாம். பொத்தான் வேலை செய்யலன்னு பாக்கப் போனவரு மேல கதவு சாத்திக்கிச்சு. பொத்தான சரிபண்ணி அமுக்கியிருக்காரு. மணி அடிச்சிருக்கு. பெட்டி சாஞ்சிருக்கும்னு இங்கேர்ந்து நிறுத்திட்டாங்களாம்."

"யாரு?"

அவன் மறுபடி சோலையப்பன் அறைப் பக்கம் பார்த்தான். "மறுநாளு திறந்து பாத்திருக்காங்க. அப்புறம் சுவரு வச்சுட்டாங்க. சும்மா பேசிக்கிறதுதான்க்கா. ஒனக்குத் தெரியாததா, இதெல்லாம் கரண்டு சமாச்சாரம்." அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்படி அடித்துக்கொண்டே இருந்தால் உண்மையில் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? செவந்தி மவுஸைப் பிடித்தாள். எட்டாவது வாயைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினாள். கட்டம் சாம்பல் நிறமானது. மணி நின்றது. வராந்தா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகு ஏழாவது கட்டத்தில் மூன்று நட்சத்திரம் விழுந்தது.

மைனஸ் பதினெட்டு என்று இருந்த இடத்தில் இப்போது முப்பத்தொன்று.

"நான் பாத்துட்டு வாரேன்" என்று அருள்மணி ஏழாவது அறைக்குப் போனான். கதவின் ரப்பர் விளிம்பு ஐஸிலிருந்து பிய்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன் கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"ஆளும் இல்ல, மீன் பெட்டியும் இல்ல. வெறும் ரூம்."

"அப்புறம் ஏன்டா இப்புடி நிக்கிற?"

"பொத்தான் இருக்குற பெட்டி, சுவரு, கம்பி எல்லாத்து மேலயும் பனி மூடியிருக்குக்கா. அந்தப் பொத்தான் மேல மட்டும் இல்ல. இப்பத்தான் தொடச்ச மாதிரி செவசெவன்னு இருக்கு."

"வீட்டுக்குப் போயிருவமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மீன் தட்டு அடுக்குற வேலை பாதியில கெடக்கு. நான் வுட்டுட்டுப் போனா அந்தாளு ஒன்னத்தான் ஏசுவாரு. நீ இத சரி பண்ணு. மணி சரியா இருந்தா எனக்கென்ன பயம்?" குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

சொல்லுங்கள், அவள் வேறு என்ன நினைப்பாள்? கார்டு பழசு, டிரைவர் இரவல். ஒரு வாய்க்கு வர வேண்டியதை அடுத்த வாய்க்குத் தள்ளிவிடுகிற கோளாறு என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட, அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். டிரைவர் கோளாறாக இருந்தால், ஏழாவதை நிறுத்தினால் ஆறுக்கு வரும், பார்க்கலாம் என்று ஏழாவதை நிறுத்தினாள்.

ஆறுக்கு வந்தது. மூன்று நட்சத்திரம். இருபத்தாறு.

அவளுக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. பார்த்தாயா, கோளாறுதான். ஆறையும் நிறுத்தினாள்.

ஐந்துக்கு வந்தது. இருபத்தொன்று.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். எண்களைத் திரும்ப ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து, முப்பத்து நாலு, முப்பத்தொன்று, இருபத்தாறு, இருபத்தொன்று. அறையின் குளிர் இப்படி எங்கே இருக்கும்? காய்ச்சல் வந்த தம்பியின் கக்கத்தில் எத்தனையோ ராத்திரி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவள் அவள். இது அறையின் சூடு இல்லை. ஓர் உடம்பின் சூடு. ஆறிக்கொண்டு வருகிற உடம்பு.

எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. வராந்தாவின் கோடியிலிருந்து இந்தப் பக்கம்.

கோளாறு தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு கதவாக அடைத்து அவள்தான் அதை இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருகிறாள். இந்தப் பக்கக் கடைசியில் முதல் அறை. முதல் அறைக்குள் அருள்மணி.

எழுந்தாள். அதற்குள் சோலையப்பன் உள்ளே வந்துவிட்டார். வேட்டி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. அது அவருக்குத் தெரியவில்லை.

"நிறுத்தச் சொன்னேன்ல."

"நிறுத்தக்கூடாதுண்ணே. நிறுத்த நிறுத்த நகந்து வருது. அஞ்சோட வுட்டுருங்க. அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்."

"பெட்டி சாஞ்சிருக்கும்" என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. மேசைக்குப் பின்னால் போய் ஐந்தாவது கேபிளைப் பிடித்து இழுத்தார். திருகாணி பிய்ந்து வாய் கையோடு வந்தது. மணி நின்றது. மறுபடி அடித்தது. நாலு.

"அண்ணே. எந்தம்பி உள்ள இருக்கான்."

"பெட்டிதான்." நாலைப் பிடுங்கினார். அவள் அவர் கையைப் பிடித்தாள். எலும்பும் தோலுமான அந்தக் கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, அவளை உதறிவிட்டு மூன்றைப் பிடுங்கினார். ஆறுதலாகச் சொல்கிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி, அதே சொல்லைச் சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் பிடுங்கினார்.

மணி நின்றது.

முதல் கட்டத்தில் மைனஸ் பதினெட்டு. நட்சத்திரம் இல்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினெட்டு. பிறகு, ஒரே ஒரு தடவை, மைனஸ் பதினெட்டு இருந்த இடத்தில் ஒரு சைபர். உடனே பழையபடி மைனஸ் பதினெட்டு.

சோலையப்பன் பின்னால் நடந்தே வாசலுக்குப் போனார். அப்புறம் வெயிலில் செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம். வண்டி உதைத்துக் கிளம்புகிற சத்தம். அது தேய்ந்து போன பிறகு கம்ப்ரஸர் மட்டும்.

செவந்தி ஓடினாள். நாலு அடி எடுத்துவைக்கிற தூரம்தான். கொக்கியைத் தூக்கி இழுத்தாள்.

பனி முகத்தில் அடித்தது. உள்ளே விளக்கு அணைந்திருந்தது. கதவுக்கு நேர் பின்னால், மூக்கு கதவில் உரசுகிற தூரத்தில், அருள்மணி நின்றுகொண்டிருந்தான். தலையில் குல்லா இல்லை.

"டேய்" என்றாள். "வாடா. வெளிய வாடா."

அவன் வெளியே வந்தான். அவள் அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டு, அந்த இருட்டு தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்ததால், தன் கையாலேயே கதவைச் சாத்தினாள். தன் கையாலேயே கொக்கியை இறக்கினாள்.

அவன் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் அறைக்குள் கூட்டிவந்தாள். கை விறைத்துப் போயிருந்தது. உள்ளே நின்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும். ஸ்டூலில் உட்காரவைத்தாள். பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றினாள். பேசிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் என்ன கேட்குமோ என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"இந்த வேலை வேணாம்டா. என்கூட கடையில இரு. நான் சொல்லித் தாரேன். ரெண்டு மாசத்துல பழகிருவ. அந்தாளு ஓடிட்டாரு, தெரியுமா? வேட்டியக்கூடக் கட்டாம. இந்தா, குடி."

அவன் டம்ளரை வாங்கினான். டீயிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த ஆவி, அவன் விரல் பட்டதும் நின்றுவிட்டது.

அவன் குடிக்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாள் பழகிய இடத்துக்குத் திரும்ப வந்தவன் பார்க்கிற மாதிரி, விசைப்பலகையை, கார்டின் வாலை, பிடுங்கிப் போட்ட வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

மணி அடித்தது.

மூன்று தடவை.

முதல் கட்டம். மூன்று நட்சத்திரம். அதற்குப் பக்கத்தில், முப்பத்தேழு.

முப்பத்தேழு. சுகமாயிருக்கிற உடம்பு. ரத்தம் ஓடுகிற உடம்பு. காய்ச்சல் விட்ட காலையில் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்து, அப்பாடா என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிற எண்.

மூன்று தடவை. நிறுத்தம்.

செவந்தி ஸ்டூலில் இருந்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பக்கவாட்டில் நடந்தாள். வாசல். வராந்தா. கதவு.

கொக்கி வரவில்லை.

சற்று முன் தூக்கிய கொக்கி. வெள்ளையாய்ப் பனி பிடித்து இரும்போடு இரும்பாய் இறுகியிருந்தது. இழுத்தாள். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்தது. இழுத்தாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கதவில் அறைந்தாள். காதை வைத்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. அரை முழ கனத்துக்கு அப்பால் அவன் கத்தியிருக்கலாம். அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். ஒன்றுமே கேட்கவில்லை. தலைக்கு மேல் அந்த மணி மட்டும்தான் அவன் குரல்.

மூன்று. நிறுத்தம். மூன்று. நிறுத்தம்.

"இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன். அக்கா இருக்கேன்."

மூன்று, மூன்று, மூன்று. நிறுத்தமில்லை. வழக்கமெல்லாம் மறந்துபோன விரல். பயந்த விரல்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது வரவில்லை.

செவந்தி காத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை.

மெல்லத் திரும்பிக் கம்ப்யூட்டர் அறைச் சுவரை ஒட்டி வந்து நின்றாள். கம்ப்யூட்டர் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் பின்னால், அவள் நாற்காலியில், அவள் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் எத்தனை கெஞ்சியும் ஒரு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராத பையன். வலது கை மவுஸின் மேல் சாவகாசமாகக் கிடந்தது. திரையில் முதல் கட்டமும் சேர்ந்து எட்டுக் கட்டமும் சாம்பல் நிறம்.

அவன் எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தான். ரொம்பப் பக்கத்தில். குளிர்ந்த கண்ணாடியின் இந்தப் பக்கம் அவள் மூச்சு வெள்ளையாய்ப் படர்ந்து, கலைந்து, படர்ந்தது. அந்தப் பக்கம் அவன் வாயைத் திறந்து, அக்கா என்று, நன்றாக நீட்டிச் சொன்னான்.

கண்ணாடியின் அந்தப் பக்கம் துளிகூட மங்கவில்லை.